கேமராவைக் கடலுக்குள் கொண்டுபோவது: மண்டபம், பாம்பன் பக்கம் வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேமராவும் கையுமாக எங்கள் கரைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி ஒரே கேள்விகள்தான். போனில் ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போனதால் எழுதி வைக்கிறேன். நான் கடை வைத்திருப்பவன் இல்லை. எந்தக் கம்பெனி ஹவுசிங் விற்றாலும் எனக்கு ஒன்றும் வரப்போவதில்லை.

ஹவுசிங் என்றால் சரியாக என்ன?

கேமராவை உள்ளே வைத்துப் பூட்டி, தண்ணீருக்குள் கொண்டுபோவதற்கான கெட்டியான கூடு. முன்னால் லென்ஸுக்கு ஒரு கண்ணாடி, பின்னால் திரையைப் பார்க்க ஒரு ஜன்னல். வெளியிலிருந்து கேமராவின் பொத்தான்களை அழுத்தச் சின்னச் சின்னக் கம்பிகள் இருக்கும். கம்பி நுழையும் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ரப்பர் வளையம். எங்கள் பக்கத்து வத்தைக்காரர்கள் (சிறு படகுக்காரர்கள்) இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘டப்பா’. “தம்பி, டப்பாவை மறக்காம எடுத்துக்கிட்டீகளா?” என்று கேட்டுவிட்டுத்தான் கயிற்றை அவிழ்ப்பார்கள்.

ஒரு மாடலுக்குச் செய்த கூடு அடுத்த மாடலுக்குச் சேராது. பெயரின் கடைசி எண் மட்டும் மாறியிருந்தாலும் பொத்தான் அரை சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். ஆகவே கேமராவை மாற்றும் எண்ணம் இருந்தால் முதலில் அதை முடித்துவிட்டு, அப்புறம் ஹவுசிங் பாருங்கள்.

ஆன்லைனில் விற்கும் பிளாஸ்டிக் பை போதாதா?

படகில் தெறிக்கும் தண்ணீருக்குப் போதும். முங்குவதற்குப் போதாது. மடித்து ஒட்டும் வாய் என்றைக்காவது ஒரு நாள் சரியாக ஒட்டாது. போதாக்குறைக்கு, போனின் தொடுதிரை தண்ணீருக்குள் வேலை செய்யாது. கடல் நீரே விரல் மாதிரி திரையை அழுத்திக்கொண்டிருக்கும். வால்யூம் பொத்தானில் படம் எடுக்கும்படி மாற்றி வைத்தால் கொஞ்சம் சமாளிக்கலாம்.

இருக்கிற கேமராவுக்கு ஹவுசிங் வாங்கவா, தண்ணீர் புகாத கேமராவே வாங்கவா?

வருடத்துக்கு இரண்டு தடவை வருகிறவர் என்றால் இரண்டாவதுதான். கோப்ரோவின் அண்மைய மாடல்கள் கூடு இல்லாமலே 10 மீட்டர் வரை தாங்கும், அதற்கென்றே உள்ள கூட்டோடு 60 மீட்டர். ஒலிம்பஸ் டஃப் வரிசையின் டிஜி-6, ஓஎம் சிஸ்டம் என்ற புதுப் பெயரில் வரும் டிஜி-7 இரண்டும் சும்மாவே 15 மீட்டர். டஃப் கேமராவில் இன்னொரு வசதி, ஒரு சென்டிமீட்டர் பக்கத்தில் போய்க்கூட ஃபோகஸ் ஆகும். எங்கள் கலங்கல் தண்ணீருக்கு அதைவிட உபயோகமான குணம் வேறில்லை. ஏன் என்று கீழே வரும்.

மிரர்லெஸ், டிஎஸ்எல்ஆர் என்று லென்ஸ் மாற்றும் பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல ஹவுசிங் ஒன்றின் விலை கேமராவின் விலைக்குச் சமமாக இருக்கும், பல சமயம் அதையும் தாண்டும். அதன் மேல் முகப்புக் கண்ணாடி, கைப்பிடி, விளக்கு எல்லாம் தனித்தனி. நாட்டிகாம், ஐகலைட் போன்ற பெயர்களைத் தேடிப் பார்த்து, விலையைக் கண்டு இரண்டு நாள் தூங்காமல் இருந்துவிட்டு, பிறகு முடிவெடுங்கள்.

60 மீட்டர், 100 மீட்டர் என்று போட்டிருக்கிறதே, எவ்வளவு வேண்டும்?

இங்கே ஆழத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பார்கள் (பவளப் பாறைத் திட்டுகள்) பெரும்பாலும் நாலைந்து மீட்டருக்குள் முடிந்துவிடும். பல இடங்களில் ஒரு பாகம், அதாவது ஆறடி, ஆழம்கூட இருக்காது. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் கடல் முழுவதுமே ஆழம் குறைந்தது, 15 மீட்டரைத் தாண்டும் இடத்தைத் தேடித்தான் போக வேண்டும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்ற கணக்கில் பார்த்தால், 40 மீட்டர் என்று போட்ட எந்த ஹவுசிங்கும் நம் கடலுக்குத் தாராளம்.

ஆனால் இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஆழத்தில்தான் கசியும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது பல நேரம் தலைகீழ். கீழே போகப் போகத் தண்ணீரே மூடியை அமுக்கி ரப்பர் வளையத்தை இறுக்கிவிடும். இரண்டடித் தண்ணீரில் அந்த அமுக்கம் கிடையாது. தாழ்ப்பாளின் பலம் மட்டும்தான். அதிலும் அலை அறைகிறது, மணல் பறக்கிறது, நீங்கள் எழுந்து எழுந்து நிற்கிறீர்கள். எனக்குத் தெரிந்து இந்தக் கரையில் செத்த கேமராக்களில் பெரும்பாலானவை இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீரில் செத்தவை. என்னுடையதையும் சேர்த்து.

பாலிகார்பனேட்டா, அலுமினியமா?

பாலிகார்பனேட் என்பது கெட்டியான பிளாஸ்டிக். மலிவு, எடை குறைவு. கண்ணாடி போல ஊடே தெரிவதால் உள்ளே ஒரு சொட்டு வந்தாலும் உடனே கண்ணில் படும். பயிலும் காலத்தில் இது பெரிய நிம்மதி. அலுமினியம் நீடித்து உழைக்கும், பொத்தான்கள் பூப்போல அமுங்கும். வாரம் தவறாமல் முங்குகிறவருக்கு அது. மற்றவர்களுக்கு முதலாவதே போதும்.

தட்டைக் கண்ணாடி, கவிகைக் கண்ணாடி என்கிறார்களே?

லென்ஸுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியின் வடிவம் அது. தட்டையாக இருந்தால் தண்ணீரிலிருந்து காற்றுக்குள் வரும் ஒளி வளைந்து, எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால்வாசி கிட்டத்திலும் தெரியும். ஆகவே 24 மி.மீ. லென்ஸ் தண்ணீருக்குள் 32 மி.மீ. லென்ஸ் மாதிரி நடந்துகொள்ளும். அகலம் போய்விடும். சின்ன மீன், நத்தை, கடல் குதிரை எடுக்கிறவர்களுக்கு இது நஷ்டமே இல்லை, லாபம்.

பாதிப் பந்து போல வெளியே குவிந்திருப்பது கவிகை, கடைக்காரர்கள் ‘டோம்’ என்பார்கள். லென்ஸின் அகலம் அப்படியே கிடைக்கும். ஆனால் காட்சி முழுவதும் கண்ணாடிக்குச் சற்று முன்னாலேயே நிற்பது போன்ற ஒரு பிம்பமாகத்தான் லென்ஸுக்குத் தெரியும், அதனால் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாத லென்ஸ் உள்ளே இருந்தால் படம் முழுக்க மங்கல். பாதி தண்ணீருக்கு மேலே, பாதி கீழே என்று எடுக்க ஆசை இருந்தால் டோம்தான் வேண்டும், பெரியதாக இருந்தால் இன்னும் நல்லது. வடகரையில் காற்று எழும்பாத காலையில், நங்கூரம் போட்ட வள்ளம் மேலே, கடல்புல் கீழே என்று ஒரே படத்தில் விழும்.

ஓ-ரிங்கை எப்படிப் பராமரிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஹவுசிங்கின் இரண்டு பாதிகளும் சேரும் விளிம்பில், ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையம்தான் ஓ-ரிங். தண்ணீருக்கும் உங்கள் கேமராவுக்கும் நடுவில் இருப்பது அது ஒன்றுதான். அதன் மேல் ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தால் போதும்.

என் விஷயத்தில் முடி அல்ல, நூல். பாம்பன் தென்கரையில், வத்தையிலேயே உட்கார்ந்து பேட்டரி மாற்றினேன். கை ஈரம். தோளில் கிடந்த புதுத் துண்டில் துடைத்துவிட்டு மூடினேன். மார்பளவுத் தண்ணீரில் இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. திரையின் அடியில் ஒரு சின்ன நீர்மட்டம், பச்சைக் குமிழ் வைத்த கொத்தனார் ரசமட்டம் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. கரைக்கு வந்து திறந்து பார்த்தேன். கருப்பு வளையத்தின் மேல் அரை அங்குலத்துக்கு ஒரு இளநீல நூல், பாதி உள்ளே, பாதி வெளியே. அந்த நூல் வழியாகத்தான் கடல் ஏறி வந்திருக்கிறது. துண்டு புதுசு, நூல் உதிரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்வது இது. முதல் நாள் இரவே, மின்விசிறியை நிறுத்திவிட்டு, நல்ல வெளிச்சத்தில் உட்காருவேன். வளையத்தைக் கத்தியாலோ ஊசியாலோ கிளப்பக் கூடாது. பெருவிரலால் ஒரு பக்கமாக நெருக்கித் தள்ளினால் ஒரு வளைவு மேலே எழும்பும், அதைப் பிடித்து எடுக்கலாம். பிறகு கண்ணை நம்பாமல், இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து முழுச் சுற்றும் உருவிப் பார்ப்பேன். ஒரு மணல்துகள் இருந்தாலும் விரல் சொல்லிவிடும். பள்ளத்தையும் நூல் உதிராத துணியால் துடைக்க வேண்டும். பஞ்சு வேண்டவே வேண்டாம், இழை ஒட்டும். அப்புறம் கிரீஸ். அரை நெல் அளவு போதும். வளையம் மினுங்க வேண்டும், வழியக் கூடாது. அப்பிவிட்டால் அதுவே மணலைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளும்.

எந்த கிரீஸ் என்றால், ஹவுசிங்கோடு பெட்டியில் வந்ததுதான். சிலவகை வளையங்கள் வேறு கிரீஸ் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். வாசலினும் தேங்காய் எண்ணெயும் தலைக்கும் உதட்டுக்கும் நல்லவை, இதற்கு அல்ல. ஒரு நண்பர் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்து நின்றார். திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

வருடத்துக்கு ஒரு தடவை முதன்மை வளையத்தை மாற்றிவிடுங்கள். கேமராவின் விலையோடு பார்த்தால் அது தேநீர்க் காசு.

புது ஹவுசிங்கை எப்படிச் சோதிப்பது?

கேமரா இல்லாமல். உள்ளே ஒரு டிஷ்யூ காகிதத்தை மடித்து வைத்து மூடுங்கள். பக்கெட்டில் தண்ணீர் பிடித்து அதில் அமுக்கி, மேலே அம்மிக் குழவியோ செங்கலோ வைத்து அரை மணி நேரம் விடுங்கள். நடுவில் ஒவ்வொரு பொத்தானையும் பத்துத் தடவை அழுத்திப் பாருங்கள், கசிவு அங்கிருந்தும் வரும். எடுத்து, வெளியே நன்றாகத் துடைத்து, கையையும் துடைத்த பிறகு திறந்து காகிதத்தைத் தொட்டுப் பாருங்கள். கை ஈரத்தோடு திறந்துவிட்டு “கசியுது” என்று போன் பண்ணியவர்கள் இருக்கிறார்கள்.

விலை கூடிய ஹவுசிங்குகளுக்குக் கையால் உள்காற்றை உறிஞ்சும் பம்பு கிடைக்கும். உறிஞ்சி வைத்த நிலை அரை மணி நேரம் இறங்காமல் நின்றால் ஓட்டை இல்லை என்று பொருள். கரையிலேயே தெரிந்துவிடும். வசதி இருந்தால் வாங்குங்கள்.

மூடுவதற்கு முன் மெமரி கார்டு, பேட்டரி, அப்புறம் லென்ஸ் மூடி. சிரிக்காதீர்கள். லென்ஸ் மூடியோடு பூட்டி, முக்கால் மணி நேரம் படகில் போய், தண்ணீரில் இறங்கிக் கருப்புத் திரையைப் பார்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உள்ளே ஆவி படர்கிறது. கசிவா?

பெரும்பாலும் இல்லை. நம் கரைக் காற்றில் எப்போதும் ஈரம். அந்தக் காற்றை உள்ளே வைத்துப் பூட்டி, படகில் வெயிலில் காய வைத்து, சட்டென்று தண்ணீரில் இறக்கினால் கண்ணாடி குளிர்ந்து பனி கோக்கும். முடிந்தால் ஏசி அறையில் பூட்டுங்கள், அங்கே காற்று வறண்டிருக்கும். உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம், வளையத்தைத் தொடாத இடத்தில். படகில் ஈரத்துணி போர்த்தி நிழலில் வையுங்கள்.

எந்த மாதம், எந்தக் கரை?

இராமேசுவரத்தில் யாரைக் கேட்டாலும் இரண்டு கடல் சொல்வார்கள். வடக்கே பாக் நீரிணை பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல். ஒன்று குளம் போலக் கிடக்கும், மற்றது முழங்கும். ஆனால் பெண் கடலுக்கும் கோபம் வரும் காலம் உண்டு.

கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரை தென்கரை கொந்தளிக்கும். அப்போது வடகரைதான் கதி. வாடை (வடகிழக்குக் காற்று) தொடங்கும் அக்டோபர் கடைசியிலிருந்து வடகரை கலங்கி, சேற்றுத் தண்ணீராகிவிடும். இரண்டுக்கும் நடுவில், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, காற்று ஓயும். அதுதான் நம் பருவம். அதிலும் காலை ஆறரையிலிருந்து பத்துக்குள். பதினொன்றுக்கு மேல் காற்று எழும்பினால் கேமராவைத் துடைத்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

நாளைக் குறிக்கும் முன் படகுக்காரரைக் கேளுங்கள். வானிலைச் செயலி காற்றைச் சொல்லும், தண்ணீர் தெளிவைச் சொல்லாது. நேற்று விடிய அந்தப் பக்கம் போய் வந்தவர் “அண்ணே, கலக்கலா கெடக்கு, நாளக் கழிச்சு வாங்க” என்று சொன்னால், நாளை மறுநாள் போங்கள்.

தீவுகளுக்குப் போய் முங்கலாமா?

உங்கள் இஷ்டத்துக்குப் போக முடியாது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறை அனுமதி இல்லாமல் காலை வைத்தாலே குற்றம். குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. எது அனுமதி, எது இல்லை என்பதைக் கிளம்பும் முன் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். “யாருக்கும் தெரியாது, நான் கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்பவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை.

முதல் தடவை என்றால் பிரப்பன்வலசைப் பக்கம் போங்கள். முகக்கண்ணாடி, மூச்சுக்குழாய் கொடுத்துக் கூட்டிப் போகிறவர்கள் அங்கே உண்டு. எல்லைக் கடல் பக்கம் என்பதால் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். கேமராவைப் பார்த்தால் மெரைன் போலீஸ் கேட்பார்கள், அது அவர்கள் வேலை.

எடுத்த படமெல்லாம் பச்சையாக, மங்கலாக இருக்கிறதே?

தண்ணீர் முதலில் சிவப்பைத் தின்றுவிடும். ஐந்து மீட்டருக்குள் சிவப்பு அநேகமாகப் போய்விடும். ஆழம் மட்டும் கணக்கில்லை, உங்களுக்கும் மீனுக்கும் நடுவில் உள்ள தூரமும் சேர்ந்ததுதான் கணக்கு. மாலத்தீவு, அந்தமான் தண்ணீர் நீலம். நம் தண்ணீரில் மிதவை உயிர்களும் வண்டலும் கலந்திருப்பதால் பச்சை. ஆகவே நீலக்கடலுக்கென்று விற்கும் சிவப்பு ஃபில்டர் இங்கே அவ்வளவாக உதவாது, பச்சைக்கு எதிரான மெஜந்தா ஃபில்டர்தான் சரி. அதைவிட எளிது, ரா கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலப் படமாக) எடுத்துவிட்டு வீட்டில் நிறத்தைச் சரிசெய்வது.

மங்கலுக்கு மருந்து ஒன்றே. கிட்டப் போங்கள். கையை நீட்டினால் தொடும் தூரத்தைத் தாண்டி இருப்பதை எடுக்காதீர்கள். ஒரு முழத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. டஃப் கேமராவையும் அகல லென்ஸையும் நான் சொல்வது இதனால்தான். ஜூம் செய்வது தண்ணீருக்குள் பாவம்.

ஃபிளாஷ் போட்டால் பனி பெய்வது போல வெள்ளைப் புள்ளி.

கேமராவின் சொந்த ஃபிளாஷ், லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நடுவில் மிதக்கும் ஒவ்வொரு துகளையும் நேராக வெளிச்சம் போட்டுக் காட்டும். அதை அணைத்துவிடுங்கள். நீட்டுக் கையில் பொருத்திய தனி விளக்கைப் பக்கவாட்டிலிருந்து அடித்தால் புள்ளி வெகுவாகக் குறையும். நாலைந்தடித் தண்ணீரில், காலை வெயிலில், விளக்கே தேவையில்லை. சூரியனை முதுகுக்குப் பின்னால் வையுங்கள்.

கடற்பசுவைப் படம் எடுக்க முடியுமா?

ஆவுளியா என்றுதான் இங்கே கடற்பசுவைச் சொல்வோம். அதைக் காலமெல்லாம் கடலுக்குப் போன மீனவர்களே விரல் விட்டு எண்ணும்படிதான் பார்த்திருக்கிறார்கள். அதைத் தேடிக் கிளம்பாதீர்கள். அது மேயும் கடல்புல் வடகரையில் விரிந்து கிடக்கிறது, அதற்குள் ஒரு சதுர அடியில் அரை மணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால் நாள் வீண் போகாது. கடல் குதிரை, கடல் அட்டை, பவளம் எல்லாம் சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. தொடவும் வேண்டாம், படத்துக்காக இடம் மாற்றி வைக்கவும் வேண்டாம். பவளத்தின் மேல் நிற்காதீர்கள். கால் ஊன்றாமல் மிதக்கத் தெரியாவிட்டால் கேமராவை வீட்டில் வைத்துவிட்டு முதலில் அதைப் பழகுங்கள்.

திரும்பி வந்த பிறகு?

திறக்காதீர்கள். மூடியபடியே நல்ல தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டு, உள்ளேயே பொத்தான்களை அழுத்துங்கள். உப்பு காய்ந்து பொத்தான் இடுக்கில் படிகமாகிவிட்டால் அடுத்த தடவை அதுதான் ரப்பரை அறுக்கும். இங்கே ஒரு சிக்கல், இராமேசுவரம் தீவில் தங்கும் பல இடங்களில் குழாயில் வருவதே உப்புத் தண்ணீர். முதல் ஊறலை அதில் முடித்து, கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் வாங்கிவிடுங்கள். நிழலில் உலர்த்துங்கள். பத்திரமாக எடுத்து வைக்கும்போது தாழ்ப்பாளைப் போடாமல் விட்டால் ஓ-ரிங் நசுங்காது.

தண்ணீர் புகுந்துவிட்டது. என்ன செய்ய?

ஆட்டாமல் மேலே வாருங்கள். கேமராவை அணைத்து, பேட்டரியையும் கார்டையும் கழற்றுங்கள். கார்டு அநேகமாகப் பிழைத்துவிடும், அலசிக் காய வையுங்கள். உப்புத் தண்ணீரில் நனைந்த பேட்டரியைச் சார்ஜ் போடவே கூடாது, தீப்பிடிக்கலாம். கேமரா முழுக்க நனைந்திருந்தால் பிழைப்பது கஷ்டம். அரிசி மூட்டையில் புதைக்கிறார்கள், அரிசி உப்பை எடுக்காது. ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு சர்வீஸ் செய்பவரிடம் அன்றைக்கே கொடுங்கள்.

பாசி எடுக்கும் பெண்களைத் தண்ணீருக்குள் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுக்கலாம். விரலில் துணி சுற்றி, முகக்கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கிப் பாசி எடுப்பவர்கள். அது அவர்கள் பிழைப்பு, உங்களுக்காக நடக்கும் காட்சி இல்லை. வேலை நேரத்தில் குறுக்கே நீந்தினால் தண்ணீர் கலங்கும், பாசி கண்ணுக்குத் தெரியாது, அன்றைய கூலி போகும். அவர்கள் கரையேறிச் சாக்கை இறக்கி வைத்துவிட்டு உட்காரும்போது பேசுங்கள், மறுநாள் வரச் சொல்வார்கள். எடுத்த படத்தைக் காட்டுங்கள். நான் முதலில் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு ஒரு அக்கா சொன்னார்: “எல்லாம் சரிதான் தம்பி, கண்ணாடிக்குள்ள ஏங் கண்ணே தெரியலயே. இன்னும் கிட்ட வந்து எடுக்கக் கூடாதா?”